காலுறை கொள்ளும் அளவு

ஒரு பிள்ளையின் கிறிஸ்துமஸ் காலுறையை நிரப்ப எவ்வளவு செலவு செய்யலாம்? டிசம்பர் பிறந்தாலே என்னைச் சுற்றியுள்ள பெற்றோர்கள் பேசிக்கொள்ளும் கேள்வி இது. ஒருவர் ஐம்பது வெள்ளி போதும் என்பார். இன்னொருவர், “ஐம்பதுக்கு இப்ப என்ன கெடைக்குது? உருப்படியா ஒரு லெகோ பெட்டிகூட வராது” என்பார். நூறு, இருநூறு என்று தொகை ஏறும். இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 ரிங்கிட். அந்தச் சம்பளம் வாங்குபவர் இரண்டு பிள்ளைகளுக்கு இருநூறு இருநூறாகப் போட்டால் நானூறு. மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கேக், முறுக்கு, புதுத்துணி, ஊருக்குப் போகும் பெட்ரோல் எல்லாம் தனிக்கணக்கு. நம் வீடுகளில் புகைபோக்கியே கிடையாது. ஆனாலும் டிசம்பர் 24 இரவு டிவி மேசையின் ஓரத்தில் அந்தச் சிவப்புக் காலுறை தொங்குகிறது. அதை நிரப்பியாக வேண்டும்.

இதை வரவு செலவுப் பிரச்சினையாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். மாணவர்களிடம் அவர்களுக்கு வந்த பரிசுகளுக்குக் கொடுப்பவர் எவ்வளவு செலவு செய்திருப்பார், அதே பொருள் தங்களுக்கு எவ்வளவு பெறும் என்று மதிப்பிடச் சொன்னார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை இடையிலேயே காணாமல் போகிறது என்பது அவர் கண்ட முடிவு. எளிதாகச் சொன்னால், கொடுப்பவரின் நூறு வெள்ளி வாங்குபவர் கையில் எழுபது, தொண்ணூறாகச் சுருங்கிவிடுகிறது. சுவையான கணக்குதான். ஆனால் வீணாகும் பணம் எனக்குப் பெரிய கவலையாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் வீணாக்காத பெற்றோர் யார்? என் கவலை வேறு. அந்தப் பணத்தை நாம் யார் பெயரில் செலவு செய்கிறோம்?

காலுறையின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கலாம். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருக்கும் மிரா என்ற ஊரில் ஆயராக இருந்தவர் நிக்கோலாஸ். அவரைப் பற்றிய கதை இப்படிப் போகிறது. நொடித்துப்போன ஒரு தகப்பனுக்கு மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை. கல்யாணம் நடக்காவிட்டால் அந்தப் பெண்களை விற்கும் நிலைமை. நிக்கோலாஸ் யாருக்கும் தெரியாமல் இரவில் வந்து சன்னல் வழியாகப் பொன் முடிச்சை வீசிவிட்டுப் போகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. அப்படியே மற்ற இருவருக்கும். பின்னால் வந்த சொல்வழக்கில் அந்தப் பொன் புகைபோக்கி வழியாக இறங்கி, காயப்போட்டிருந்த காலுறையில் விழுந்தது. மேலைநாடுகளில் காலுறையின் நுனியில் ஓர் ஆரஞ்சுப் பழம் வைக்கும் பழக்கத்துக்கும் அந்தப் பொன்னைத்தான் காரணம் சொல்வார்கள். சீதனத்துக்கு அஞ்சிய வீடுகளை நன்றாகவே அறிந்தவர்கள் நாம். நமக்கு இந்தக் கதை அந்நியமே இல்லை.

இந்தக் கதையின் உயிர் அந்த இரவில் இருக்கிறது. பகலில் வந்து எல்லார் முன்னாலும் கொடுத்திருந்தால் அந்தத் தகப்பன் காலமெல்லாம் தலைகுனிந்து நடக்க வேண்டியிருந்திருக்கும். ரோமானியச் சிந்தனையாளர் செனெகாவும் உதவி செய்வதைப் பற்றிய தம் நூலில் இதுபோன்ற ஒன்றைச் சொல்கிறார். ஆர்செசிலாஸ் என்ற கிரேக்க ஞானிக்கு ஓர் ஏழை நண்பர் இருந்தார். தம் ஏழ்மையை வெளியே காட்டிக்கொள்ளாதவர். ஞானி அவருடைய தலையணைக்கு அடியில் பணப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். நண்பர் அதைப் பெற்றுக்கொண்டார் என்று ஆகக்கூடாது, கண்டெடுத்தார் என்று ஆக வேண்டும். அதுதான் அவருடைய எண்ணம். வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று நாம் சொல்வதும் இதைத்தான். கொடுப்பவன் மறைந்துகொண்டால் வாங்குபவனின் மானம் தப்பிக்கிறது. மறைவாகக் கொடுப்பதற்கு இதைவிட நல்ல நியாயம் இருக்க முடியாது.

அப்படியானால் சாண்டா என்ற முகமூடிக்குப் பின்னால் நின்று கொடுக்கும் பெற்றோரும் அந்த நிக்கோலாஸ் வழியில்தானே போகிறார்கள்? பார்வைக்கு அப்படித்தான். ஆனால் நடுவில் ஒன்று மாறிவிட்டது. நிக்கோலாஸ் அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருந்தார்கள் என்பதற்காக இல்லை. அவர்களிடம் இல்லை, அதனால் கொடுத்தார். பிற்காலத்தில் ஐரோப்பா அவருக்கு ஒரு நீதிபதி வேலையையும் சேர்த்துக் கொடுத்தது. ஆஸ்திரியா பக்கம் அவரோடு கிராம்பஸ் என்ற கொம்பு வைத்த உருவம் வரும், சேட்டை செய்யும் பிள்ளைகளை மிரட்ட. இத்தாலியில் ஜனவரி 6ஆம் தேதி பரிசு கொண்டுவரும் பெஃபானா கிழவி கெட்ட பிள்ளையின் காலுறையில் கரியைப் போடுவாள். 1934இல் வந்து இன்றும் பேரங்காடிகளில் ஓயாமல் ஒலிக்கும் ஓர் அமெரிக்கப் பாடலில் சாண்டா கையில் பட்டியலே இருக்கிறது. யார் நல்ல பிள்ளை, யார் கெட்ட பிள்ளை என்று. நாமும் நவம்பரிலேயே ஆரம்பித்துவிடுகிறோம். “அடம் பிடிக்காத. சாண்டா பாத்துக்கிட்டு இருக்காரு.”

இல்லாதவருக்குப் போன பரிசு நல்லவருக்குப் போகும் பரிசாக மாறியது. ஆனால் அதை வாங்கும் பணம் இருக்கிறவர் பையிலிருந்துதான் வருகிறது. இந்த மூன்றையும் சேர்த்து ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள்.

சில வருடங்கள் நான் ஒரு தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி நடத்தினேன். அங்கே கிறிஸ்துமஸ் விருந்தில் சாண்டா வேடம் போட்ட ஒருவர் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார். பரிசைப் பெற்றோர்தான் முன்கூட்டியே பொதி கட்டிப் பெயர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாது. ஒருவன் தூக்க முடியாத பெட்டியோடு மேடையிலிருந்து இறங்குவான். அடுத்தவன் கையில் ஒரு கலர் பென்சில் டப்பா. விருந்து முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்தான். அழவெல்லாம் இல்லை. ஒரு விவரம் கேட்பது போலத்தான் கேட்டான். “டீச்சர், நான் இந்த வருஷம் என்னா தப்பு செஞ்சேன்?”

அவன் அப்பா லாரி ஓட்டுகிறவர். அந்தப் பென்சில் டப்பாவை வாங்க அவர் எதைத் தள்ளிப்போட்டாரோ. “நீ ஒரு தப்பும் செய்யல, ஐயா” என்றேன். “அப்ப ஏன்?” என்றான். அதற்கு நேர்மையான பதில் ஒன்று இருந்தது. உன் அப்பாவின் சம்பளம் இவ்வளவுதான். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் சாண்டாவைக் கலைக்க வேண்டும். வீட்டில் பெற்றோர் கட்டிக் காத்துவரும் கதையைக் கலைக்க எனக்கு என்ன உரிமை? “உனக்கு வரையப் புடிக்கும்னு சாண்டாவுக்குத் தெரியும்” என்றேன். அவன் தலையாட்டிவிட்டுப் போனான்.

பிள்ளைகளுக்கு ஏற்றத்தாழ்வைத் தாங்கத் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. தீபாவளி அங்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனர்களிடமிருந்து நாம் கற்றுக்கொண்ட பழக்கம். இப்போது நம்முடையதாகவே ஆகிவிட்டது. கொடுப்பவர் வாசலிலேயே நிற்கிறார். பிள்ளை வணக்கம் சொல்லி இரண்டு கையாலும் வாங்குகிறது. கார் கிளம்பியதும் பின் இருக்கையில் உறைகள் கிழிகின்றன. “பெரியப்பா அஞ்சு வெள்ளிதான் வச்சிருக்காரு!” அதற்குப் பிள்ளைகள் சொல்லும் தீர்ப்பு என்ன? பெரியப்பா கஞ்சன். அல்லது, விஷயம் தெரிந்த பிள்ளையாக இருந்தால், பெரியப்பாவுக்கு இப்போது வேலை இல்லை. எந்தப் பிள்ளையும் “நான் கெட்டவன், அதனால்தான் அஞ்சு வெள்ளி” என்று நினைப்பதில்லை. உறைக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்துக்கு ஒரு சம்பளம், ஒரு குணம், ஒரு கஷ்டம் இருக்கிறது. குறைவுக்கான காரணத்தைப் பிள்ளை அங்கே தேடுகிறது, தன்னிடம் தேடுவதில்லை. அங்பாவிலும் அசிங்கங்கள் உண்டு. யார் எவ்வளவு வைத்தார் என்று குறித்துவைத்துத் திருப்பிக் கொடுக்கும் குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆனால் அது பெரியவர்களின் கணக்கு வழக்கு. பிள்ளையின் மதிப்பு அதில் எடைபோடப்படுவதில்லை.

சாண்டாவுக்குச் சம்பளம் கிடையாது. வறுமையும் கிடையாது. அவர் பட்டறையில் எல்லாம் இருக்கிறது, எல்லாரையும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவர் குறைவாகக் கொடுத்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், வாங்குகிறவன். அந்தப் பையன் சரியாகத்தான் யோசித்திருந்தான். நாம் கொடுத்த தகவல்களை வைத்து அவன் வேறு எந்த முடிவுக்கும் வந்திருக்க முடியாது. அன்று மானத்தைக் காப்பாற்றிய மறைவு இன்று வேறு வேலை செய்கிறது. சம்பள வித்தியாசத்தை மறைத்து, அதைக் குண வித்தியாசமாகக் காட்டுகிறது. தூக்க முடியாத பெட்டி வாங்கிய பையனுக்கும் இது நல்லதில்லை. தன் அப்பாவின் வருமானத்தைத் தன் நற்குணத்துக்குக் கிடைத்த சான்றிதழாக அவன் எடுத்துக்கொள்கிறான். பெரியவர்களானபிறகும் அந்த எண்ணத்தை விடாதவர்களை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? உழைத்தவன் முன்னேறுகிறான், ஏழையாக இருப்பவன் சோம்பேறி என்று கல்யாண விருந்துகளில் உட்கார்ந்து பேசுகிறவர்களை?

“எனக்குக் கிடைக்காதது என் பிள்ளைக்குக் கிடைக்கட்டுமே, அதில் என்ன தப்பு?” என்று கேட்பவர்களை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். நம்மில் பலர் லயத்து வீட்டில் வளர்ந்தவர்கள். துரை வீட்டுப் பிள்ளைகளின் கிறிஸ்துமஸை வேலிக்கு வெளியே நின்று கேள்விப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். இன்று கடன் அட்டையைத் தேய்த்தாவது அந்தக் காலுறையை நிரப்பும்போது அவர்கள் நிரப்புவது தங்கள் பிள்ளையின் காலுறையை மட்டுமல்ல. மானுடவியல் அறிஞர் லெவி-ஸ்ட்ராஸ் இதை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டிருக்கிறார். 1951 டிசம்பர் 23 அன்று பிரான்சின் திஜோன் நகரில், தேவாலய முற்றத்தில், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பார்க்க கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தைக் கொளுத்தினார்கள். கிறிஸ்துமஸைப் பழைய மதங்களின் பக்கம் இழுத்துப்போகிறார் என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டு அதைப் பற்றிக் கட்டுரை எழுதிய லெவி-ஸ்ட்ராஸ், இந்த நம்பிக்கை பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்கே அதிகம் தேவைப்படுகிறது என்ற இடத்துக்கு வந்து சேர்கிறார். பதிலுக்கு எதையும் எதிர்பார்க்காத தாராளம் ஒன்று உலகத்தில் எங்கோ இருக்கிறது என்று நம்ப நமக்கு ஆசை. பிள்ளைகளை நம்பவைத்து அந்த ஆசையை நாம் தீர்த்துக்கொள்கிறோம். எனக்கு இது சரியாகவே படுகிறது. அந்த ஆசையையும் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நம் ஆசைக்கான செலவைப் பக்கத்து வீட்டுப் பிள்ளை கட்டக்கூடாது.

ஆக, எவ்வளவு? என் பதிலில் இரண்டு பகுதி இருக்கிறது. சாண்டாவின் பெயரில் வருவது சின்னதாக இருக்கட்டும். உங்கள் பிள்ளையோடு விளையாடும் பிள்ளைகளில் மிக எளிய வீட்டுப் பிள்ளைக்கும் சாண்டா எதைக் கொண்டுவர முடியுமோ, அந்த அளவு. ஓர் ஆரஞ்சு, கொஞ்சம் கச்சான், ஒரு பம்பரம், ஒரு கதைப்புத்தகம். காலுறை என்பது முதலில் ஒரு காலின் அளவுதானே? பரிசுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதை அந்தத் துணியே சொல்லிக்கொண்டிருந்தது. இரண்டடி நீளத்தில் அதைத் தைத்து விற்க ஆரம்பித்தபோதுதான் நமக்கு அது கேட்காமல் போயிற்று.

பெரிய பரிசைக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சைக்கிள் வாங்கிக் கொடுங்கள், டேப்லெட் வாங்கிக் கொடுங்கள், முடிந்தால். ஆனால் உங்கள் பெயரில் கொடுங்கள். “இது அப்பா வாங்குனது. மூணு மாசம் ஓவர்டைம் செஞ்சு வாங்குனது” என்று சொல்லிக் கொடுங்கள். பிள்ளைக்குக் கடன்சுமை ஏற்றுவதாக ஆகாதா என்று சிலர் கேட்கலாம். சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தால் ஆகும். ஒருமுறை தெரிந்துகொள்வதில் ஆகாது. பொருள் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டில் ஏன் அது வரவில்லை என்பதும் புரியும். லாரி ஓட்டுகிறவரின் மகன் ஏன் பென்சில் டப்பாவோடு நின்றான் என்பது தெரியும். அவனிடம் என்ன தப்பு என்று யோசிக்கத் தோன்றாது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. இரவு ஷிப்ட் பார்த்தது அம்மா. விடுமுறை நாளிலும் லாரி எடுத்தது அப்பா. காலையில் காலுறையைக் கவிழ்த்துப் பார்த்துத் துள்ளும் பிள்ளை நன்றி சொல்வது, ஒருநாளும் சம்பளத்துக்கு வேலை செய்திராத ஒரு தாத்தாவுக்கு. நம் பாட்டனும் பூட்டனும் செய்த வேலைக்கு வேறு யார் யாரோ பெயர் வாங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் விஷயத்திலாவது அந்தப் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம்.