பரபக்கம் பேசிய பின்

பழவேற்காடு ஏரிக்கரைக் கோட்டைக்குப்பத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். அவரிடம் படித்து, இப்போது பொன்னேரியில் கல்லூரிக்குப் போகும் மீனவ இளைஞன் ஒருவன். மணிரத்னத்தின் ‘காற்று வெளியிடை’ பற்றி நண்பர்களோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் சீடன்.

சீடன்: ஐயா, இந்தப் படம் 2017 ஏப்ரலில் வந்தபோதே ஊர் இரண்டுபட்டது. இன்றும் பேச்செடுத்தால் அடிதடிதான். எந்தக் கட்சி சரி?

குரு: கட்சி கட்டுவது அப்புறம். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் முதலில் என்ன செய்தார்?

சீடன்: பரபக்கம் பாடினார். மாற்றாரின் கொள்கையை அவரவர் சொல்லும் முறையிலேயே எடுத்துவைத்து மறுத்தார். அதற்குப் பிறகுதான் தம் கொள்கையை நிறுவும் சுபக்கம்.

குரு: அந்த ஒழுங்கிலேயே பேசு. படம் பிடிக்காதவர் பக்கம் என்ன?

சீடன்: வருண் போர்விமானி, லீலா மருத்துவர். ஸ்ரீநகரில் காதல். நண்பர்கள் முன்னால் அவளை மட்டம் தட்டுகிறான். திருமணப் பதிவு அலுவலகத்தில் அவள் காத்திருக்க, வர மறந்துவிடுகிறான். அவள் கருவுற்றாள் என்று கேட்டதும் பின்வாங்குகிறான். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்கிறான், அவளும் திரும்புகிறாள். 1999 கார்கில் போரில் பிடிபட்டு, ராவல்பிண்டிச் சிறையிலிருந்து தப்பி, அவளையும் மகளையும் தேடிக் கண்டடைகிறான். முடிவு சுபம். இப்படிப்பட்டவனுக்குக் கார்த்தியின் முகத்தையும் ரவிவர்மன் படம்பிடித்த பனிமலைகளையும் ரகுமானின் பாட்டையும் கொடுத்தால், கொடுமைக்குக் காதல் என்று பெயர் சூட்டியதாகாதா?

குரு: நன்றாகச் சொன்னாய். இனி அடுத்த பக்கம்.

சீடன்: காட்டுவது வேறு, ஒப்புவது வேறு என்கிறார்கள். அடங்காத ஆணை வீரன் என்று நம் சினிமா எத்தனையோ காலம் கொண்டாடிவிட்டது. இந்தப் படம் அவனை உள்ளே போய்ப் பார்க்கிறது. அந்த முரட்டுத்தனம் தகப்பன் வீட்டிலிருந்து வந்தது என்றும் காட்டுகிறது. ‘மௌன ராகம்’ எடுத்து முப்பது ஆண்டு கழித்து, காதலின் இருட்டைத் தொட்டிருக்கிறார் இயக்குநர். இதற்குத் தேசிய விருதுகூடக் கிடைத்தது.

குரு: எதற்குக் கிடைத்தது?

சீடன்: ரகுமானின் இசைக்கும், ‘வான் வருவான்’ பாடிய ஷாஷா திருப்பதிக்கும்.

குரு: இசையின் தரத்தைக் கொண்டு கதையின் நியாயத்தை நிறுவ முடியாது. அந்தச் சான்றை எடுத்துவிடு.

சீடன்: எடுத்துவிட்டேன். ஆனால் இன்னொன்று உண்டு ஐயா. டென்மார்க்கின் கார்ல் டிரையர் எழுபத்தைந்து வயதில் எடுத்த கடைசிப் படம் ‘கெர்த்ரூத்’. அதுவும் காதலைப் பற்றியதுதான். 1964இல் பாரிஸில் முதலில் திரையிட்டபோது எள்ளி நகையாடினார்கள். இன்று பெரிய படங்களின் வரிசையில் வைக்கிறார்கள். மூத்த கலைஞரின் பிற்காலப் படைப்பு உடனே புரியாது. நாம்தான் பொறுக்கவேண்டும்.

குரு: இகழப்பட்ட ஒன்று பின்னால் போற்றப்பட்டது என்பதால், இகழப்பட்டதெல்லாம் போற்றத்தக்கது ஆகிவிடுமா? காலம் கடந்து மறந்தே போன படங்கள் எத்தனை! வயதானவர் எடுத்ததால் ஆழமாகத்தான் இருக்கும் என்பதும், வயதாகிவிட்டதால் சரக்குத் தீர்ந்துவிட்டது என்பதும் ஒரே தவறு. இரண்டிலும் பார்க்கப்படுவது ஆளின் வயது, படம் பார்க்கப்படவில்லை.

சீடன்: அப்படியானால் இரண்டு கட்சியும் பாதிப் பாதி சரி என்று சமாதானம் பண்ணிவிடலாமா?

குரு: அது சோம்பேறியின் தீர்ப்பு, தம்பி. நம் ஏரியில் பாடு முறை எப்படி நடக்கிறது? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்று உரிமையுள்ள ஊர்கள் முறை வைத்துத் தொழில் செய்கின்றன. எவருக்கு எந்த இடம் என்பது சீட்டில் விழும். இறால் படாதவன் வந்து ‘ஏரியே வறண்டுபோச்சு’ என்றால் பெரியவர்கள் என்ன கேட்பார்கள்?

சீடன்: எந்தப் பாட்டில், எந்த நாளில் வலை கட்டினாய் என்று கேட்பார்கள்.

குரு: அதைத்தான் நானும் கேட்கிறேன். படத்தில் எந்த இடம்? இந்தக் கதையின் பெரும்பகுதியை நினைத்துப் பார்ப்பது யார்?

சீடன்: வருண். சிறையில் கிடந்து நினைக்கிறான்.

குரு: அந்த நினைவில் அவன் தன்னை நல்லவனாக்கிக்கொள்கிறானா?

சீடன்: இல்லை. தான் செய்த இழிவையெல்லாம் மறைக்காமல் நினைக்கிறான்.

குரு: அப்படியானால் அந்தப் பகுதி அவனே தன்மேல் எழுதிக்கொண்ட குற்றப்பத்திரிகை. கொடுமையை விற்கிறது என்ற குற்றச்சாட்டு அங்கே நிற்காது. அழகான பனியில் அசிங்கமான ஒருவன் நிற்பது பார்ப்பவரை உறுத்துகிறது. உறுத்தவேண்டும் என்றுதான் அப்படி எடுத்திருக்கிறார்கள். சரி, நினைவு எங்கே முடிகிறது?

சீடன்: தப்பி வந்த பிறகு. அவளைத் தேடிப் போகும்போது நடப்பது நிகழ்காலம்.

குரு: அங்கே கதை அவன் தலைக்குள் இல்லை. லீலா தன் வாழ்க்கையோடு எதிரே நிற்கிறாள். அவள் எவ்வளவு பேசுகிறாள்?

சீடன்: கொஞ்சம்தான். சிறை, ஓட்டம், எல்லை, தேடல் எல்லாம் அவனுக்குக் கிடைத்தது. தனியே பிள்ளை வளர்த்த ஆண்டுகள் அவளுக்குக் காட்சியாகவே இல்லை.

குரு: சங்கப் பாட்டின் மருதத் திணையை நினைத்துப் பார். பரத்தையிடம் போன தலைவன் பாணனைத் தூது விடுகிறான். தோழி வாயில் மறுக்கிறாள். தலைவி சில பாட்டில் வெகுள்கிறாள், சில பாட்டில் ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பாட்டுகளில் பெரும்பாலும் பேசுவது யார்?

சீடன்: தலைவியும் தோழியும். பரத்தைகூடப் பேசுகிறாள்.

குரு: தலைவன் வாசலிலேயே நிற்கிறான், பாட்டு வீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அன்றைய சமூகம் அவளுக்கு வேறு வழி விட்டதா என்பது தனிக் கேள்வி. புலவர் அவளிடம் பேச்சையாவது விட்டார். 2017இல் வந்த படம் அதையும் குறைத்துவிட்டது.

சீடன்: ஒரு தடை, ஐயா. மன்னிப்பது லீலாவின் உரிமை இல்லையா? அவள் ஏன் மன்னித்தாள் என்று நாம் கணக்குக் கேட்கலாமா? ‘கொடியவனை விட்டு ஓடு’ என்று பாடம் சொன்னால்தான் நல்ல படமா?

குரு: நல்ல தடை. மன்னிக்கவும் மறுக்கவும் அவளுக்கு முழு உரிமை உண்டு. அதில் நமக்கு இடமில்லை. நம் கேள்வி அவளிடம் இல்லை, படத்திடம். அவன் திருந்துவதற்குச் சிறையும் மலையும் நெடும்பயணமும் காட்டிய படம், அவள் மன்னிப்பதற்கு ஒரு சந்திப்பை மட்டும் ஒதுக்கினால், மன்னிப்பு அவனுடைய உழைப்புக்குக் கொடுத்த கூலி ஆகிவிடும். அவள் எடுத்த முடிவாகத் தெரியாது. அவள் கதவைச் சாத்தியிருந்தாலும் இதே குறை இருந்திருக்கும். முடிவு மாறியிருக்கும், அவள் பேச்சு கூடியிருக்காது.

சீடன்: அப்போது சுபக்கம் இது: வருணின் நினைவாக ஓடும் வரைக்கும் படத்தை ஆதரித்தவர்கள் சரி. லீலாவைக் கண்டபிறகு எதிர்த்தவர்கள் சரி.

குரு: எதிர்த்தவர்கள் முடிவைக் கண்ட கோபத்தில் முன்பகுதியின் நேர்மையையும் சேர்த்துத் தள்ளினார்கள். ஆதரித்தவர்கள் முன்பகுதியின் துணிவைக் கண்டு முடிவுக்கும் சலுகை கொடுத்தார்கள். ஒரு ஆணின் கொடுமையை அவன் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைத்தது இந்தப் படத்தின் சாதனை. அதைக் கேட்டவளுக்குப் பதில் சொல்ல நேரம் கொடுக்காதது இதன் தோல்வி. நாளைக்கு நண்பர்களோடு பேசும்போது கட்சியைச் சொல்லாதே, தம்பி. காட்சியைச் சொல்.