வடக்கே சாய்ந்த வியாழன்

மழை விட்டு மூன்றாம் இரவு. இஸ்தோப்பில் நிற்கிறேன். கூரைத் தகரம் இன்னும் சொட்டுகிறது.

எதிர்மலையில் மண் சரிந்த இடம் இருட்டிலும் வெளிறித் தெரிகிறது.

நமுனுகுல மலைக்கு இடப்புறம் ஒரு வெளிச்சம். அசையவில்லை.

பக்கத்தில் புனர்பூசத்து மீன்கள் இரண்டு. அவை நடுங்குகின்றன. அவ்வளவு தூரத்தில் அவை வெறும் புள்ளி. நடுவில் இருக்கும் காற்று அலைத்துவிடுகிறது. கோளுக்குச் சின்னதாய் ஒரு வட்டம் உண்டு. அதைக் காற்று அவ்வளவாக அசைப்பதில்லை.

வியாழன்.

தேத்தண்ணிக் கோப்பை உள்ளங்கையில் சுடுகிறது.

இரவு எட்டு மணி. தம்பி இருக்கும் ட்ரோம்ஸோவில் பிற்பகல் மூன்றரை. அங்கே இப்போதே இருட்டு. நவம்பர் கடைசி வாரம் மறைந்த சூரியன் தை பிறக்கும்போதுதான் திரும்பி வரும். தம்பி வேலை முடிந்து பனியில் நடந்துகொண்டிருப்பான்.

1980களில் அதற்கும் வடக்கே, பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளுக்கு நம் சனங்கள் போனார்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்பினார்கள். அண்ணாந்து பார்த்திருப்பார்களா.

நான் நிற்கும் ஹாலிஎல வட அகலாங்கு 7 பாகை. ட்ரோம்ஸோ ஏறக்குறைய 70.

துருவ மீன் அவனுக்குத் தலைக்கு மேல். எனக்கு வடக்கு அடிவானத்தில், நீட்டிய கையின் ஒரு முட்டி உயரம்கூட இல்லை. அந்த இடத்தில் மலை இருக்கிறது. நான் துருவ மீனைக் கண்டதே இல்லை.

ஒரு சொட்டு. நீண்ட நேரம் கழித்து இன்னொன்று.

இந்தக் குளிர்காலத்தில் வியாழன் மிதுனத்தில். வானத்தில் வடக்கே ஏறி நிற்கிறது. அதனால் அங்கே மறைவதே இல்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. நண்பகலிலும், மலை மறைக்காவிட்டால், வடக்கு அடிவானத்தை ஒட்டி இருக்கிறது.

முதன்முதலில் அவன் அதைச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கொடுக்காத வானமும் அதுதான். 2020 டிசம்பர் 21. வியாழனும் சனியும் நிலவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளியில் நின்ற மாலை. இங்கே மேகம் விலகிய சில நிமிடம், தென்மேற்கில், லயமே வாசலில் நின்று பார்த்தது. அங்கே இரண்டும் கண்ணில் படும் உயரத்துக்கு எழவில்லை. அவன் என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தான். எப்படி இருக்குது, எப்படி இருக்குது.

கோடையில் அவனுக்கு ஒரு மீனும் இல்லை. மே 20 வாக்கில் தொடங்கி இரண்டு மாதம் சூரியன் இறங்குவதில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு கோள்தான் தெரியும். விடிவெள்ளி. அது ஏறியிருக்கும் உயரம் பார்த்து அடுப்பு மூட்டுவாள், தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போக. அது மாலைக்கு மாறிவிடும் மாதங்களில் சேவல்.

புகை மணம். இப்போது யார் வீட்டிலிருந்து.

வியாழனிலிருந்து கண்ணில் படுவது 35 நிமிடம் பழைய ஒளி. நான் தண்ணீர் கொதிக்க வைக்கும் முன்னே புறப்பட்டது.

கோப்பை ஆறிவிட்டது. கை அதையே பிடித்திருக்கிறது.

பன்னிரண்டு தாண்டுகிறது. வியாழன் உச்சிக்கு வருகிறது. நடு உச்சி இல்லை. வடக்கே கொஞ்சம் சாய்வு. அதைப் பார்க்க நான் வடக்கே திரும்பவேண்டியிருக்கிறது.

ஃபோன் ஒளிர்கிறது. தம்பி பதிந்து அனுப்பிய குரல், நடக்கிற மூச்சோடு. பூட்ஸுக்கடியில் பனி நொறுங்கும் சத்தம்.

“அக்கா, தெரியிது. கெழக்கால, கொஞ்சம் தெக்குப் பக்கமா. மூணு முட்டி ஒசரம்.”

அவனுக்கு அந்தத் திசையில்தான் நான் நிற்கும் இந்த மலை.

திரும்பவும் போட்டுக் கேட்கிறேன். பனியின் சத்தத்துக்காக.

கீழே நாய் ஒன்று குரைத்து ஓய்கிறது. தேயிலைச் செடிகளின் மேல் ஈரம், வெளிச்சம் இல்லாமலே மினுங்குவது போல.

மேகம் வருகிறது. வியாழனைத் தொடும் இடத்தில் ஓரம் மட்டும் வெளுக்கிறது.

கழுத்து வலிக்கிறது. இன்னும் அண்ணாந்தே.