பார்வை குன்றிய மகவும் பெற்றோர் கடனும்

மக்கட்பேறு இல்லறத்தார்க்கு இறைவன் அருளும் பேறுகளுள் தலையாயதென்பது ஆன்றோர் துணிபு. அப்பேறு எய்திய வீட்டில், மகவின் கண் ஒளியற்றதென்றேனும் நாளடைவில் ஒளி குன்றுமென்றேனும் மருத்துவர் கூறக் கேட்ட அன்றே, மகிழ்ச்சி இருந்த இடத்தில் ஒரு வினா வந்து குடிகொள்கின்றது. 'இது யார் செய்த வினை?' என்பதே அது. தாய் தன்னுள்ளே கேட்கின்றாள்; தந்தையும் கேட்கின்றான்; கேட்கும் உரிமையில்லாத அயலார் வாய்விட்டே கேட்கின்றனர். வினைக்கொள்கையை உடன்படும் சைவர்க்கு இவ்வினாவைப் புறக்கணித்தல் இயலாது. ஆயினும் அதனைக் கேட்கும் முறையறிந்து கேட்டல் வேண்டும்.

சௌந்தரநாயகி உடனாய சோமசுந்தரேசுவரர் எழுந்தருளியிருக்கும் கல்லலில் ஓர் இல்லத்தை மனத்தாற் கருதுக. ஆறு வயது மகன், பகலிற் பிறரைப் போல ஓடி விளையாடுகின்றான். பொழுது சாய்ந்தபின் நிலைப்படி தடுக்கி விழுகின்றான். காலடியிற் கிடக்கும் பந்தைக் கையால் தடவித் தேடுகின்றான். "வளர வளரச் சரியாகிவிடும்" என்கின்றாள் அப்பத்தா. ஈராண்டு கழிகின்றது. பின்னர் மதுரைக்கு அழைத்துச் சென்று காட்டியபோது, விழித்திரையின் அணுக்கள் சிறிது சிறிதாக அழியும் பரம்பரை நோயென்று தெரிகின்றது. அந்நோயில் இருளிற் காணும் ஆற்றல் முதலிற் குறையும். பின்னர்ப் பார்வைவட்டம் ஓரத்தினின்று உள்நோக்கிச் சுருங்கும். தாய் தந்தை இருவர்பாலும் மறைந்துகிடந்த ஒரே மரபணுக் குறை மகவினிடத்து ஒருங்கு கூடுதலால் அது தோன்றுவதும் உண்டு. அத்தை மகன், மாமன் மகள், அக்காள் மகள் என நெருங்கிய உறவில் மணந்தார்க்கு அவ்வாறு கூடும் வாய்ப்பு மிகுதி. இதனைக் கேட்டவுடன் பெற்றோர் நெஞ்சில் வினா இன்னுங் கூர்மையடைகின்றது. முற்பிறவியை நொந்தவர், இப்பொழுது தம் மணத்தையே நொந்துகொள்கின்றனர்.

இவர்க்குச் சைவம் கூறும் விடை யாது? வினை உண்டென்பதும், அதன் பயன் நுகர்ந்தே கழியுமென்பதும் உண்மையே. ஆயின் வினை அறிவற்ற சடம். தானே வந்து பொருந்தாது. உயிரோ தன் வினையைத் தானே அறிந்தெடுத்து நுகரும் வலியுடையதன்று. எது, யார்க்கு, எப்பொழுது என அளந்து ஊட்டுவான் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தம். அங்ஙனமாயின், பிறர் குழந்தையின் கண்ணைப் பார்த்து வினைக்கணக்கு எழுதப் புகுவார், தமக்கில்லாத அறிவைத் தமக்கு உண்டென்று கொள்பவராவர். அவன் ஊட்டுவதும் பகையாலன்று. மலநோய் தீர்க்கும் கருணையாலே. கருணையாற் செய்யப்பட்டதனை இகழ்ச்சிக்குக் கருவியாக்குதல் சிவநிந்தையை ஒக்கும்.

திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்தமையாற் சுந்தரமூர்த்தி சுவாமிகள் கண் இழந்தாரன்றோ, ஆதலின் குருடு தண்டமே என்பார் உளரெனின், அவர் அவ்வரலாற்றின் எஞ்சிய பகுதியையும் நோக்குக. கண் மீள்வதற்கு முன்னரே, திருவெண்பாக்கத்தில் இறைவன் ஓர் ஊன்றுகோல் அளித்தான். அதன் பின்னரே காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றைக் கண்ணும் அருளினான். தண்டித்த இடத்திலும் வழிநடக்கக் கோல் கொடுத்தவன் அவன். இனித் தண்டியடிகளோ பிறவியிலேயே கண்ணிலாதவர். அவர்பால் ஒரு பிழையையும் சேக்கிழார் பெருமான் கூறினாரல்லர். ஆகவே கண்ணின்மை ஒன்றுகொண்டே பிழையைத் துணிதல் பெரியபுராணத்துக்கு ஒவ்வாது.

தண்டியடிகள் செய்ததனை இங்குச் சற்றே நின்று நோக்குதல் நன்று. திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து சுருங்கக் கண்டு, அதனைத் தோண்டக் கருதினார். குளத்தினுள் ஒரு தறியும் கரையில் ஒரு தறியும் நட்டு, இரண்டிற்கும் இடையே கயிறு கட்டினார். அக்கயிற்றைத் தடவியே இறங்கி மண்ணைக் கல்லிச் சுமந்து கரையேறினார். அவர்க்குக் கண் கிடைத்தது பின்னர். தொண்டு அதற்கு முன்னரே நடந்தது. கண் பெற்ற பின்புதான் வாழ்வென்று அவர் காத்திருக்கவில்லை.

பெற்றோர் கடன் யாதென்பது இக்கயிற்றினால் விளங்கும். கயிறு கட்டுதல் அவர் கடன். கூடையைத் தாமே சுமந்துவிடுதல் அன்று. சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரம், கண் காணும்படி உயிர் அதற்குக் காட்டுவதுபோல, உயிர் காணும்படி இறைவன் காட்டியும் உடன் கண்டும் நிற்பானென்னும் பொருள்பட உரைக்கின்றது. உயிருக்குப் பதிலாகத் தான் கண்டு, உயிரைச் சும்மா இருத்துதல் அருளின் இயல்பன்று. பெற்றோரும் அங்ஙனமே மகவுக்குக் காட்டுதலும், அது அறிவதனை உடனிருந்து அறிதலும் செய்யவேண்டும்.

இக்கடனில் வழுவுவோர் இருதிறத்தார். ஒரு சாரார், விருந்தினர் வரும்பொழுது குழந்தையை உள்ளறையில் மறைப்பர். மற்றொரு சாரார் அன்பு மிகுதியால் வழுவுவர். சோற்றைப் பிசைந்து ஊட்டுவர், சட்டையை மாட்டிவிடுவர், வாயிலைத் தாண்டவிடார். முன்னவர் செயல் கொடுமையென்று எளிதிற் புலனாம். பின்னவர் செயலோ அன்பின் வடிவில் வருதலின், தீங்கென்று தெரியாமலே குழந்தையின் கைகால்களையும் குருடாக்கிவிடும்.

பிரான்சு நாட்டுக் கூப்வ்ரே என்னும் சிற்றூரில் 1809-ஆம் ஆண்டிற் பிறந்த லூயி பிரெயில், மூன்று வயதில், குதிரைச் சேணம் தைக்கும் தந்தையின் பட்டறையில் ஊசி தைத்துக் கண் புண்பட்டவர். நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவி, இரு விழியும் இழந்தார். தந்தைக்குத் தன்னை நொந்துகொள்ளக் காரணம் இதனினும் மிகுதியாக வேண்டுமோ? அவரோ மகனுக்கு நடைகோல் செய்து கொடுத்தார். பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அடித்து, விரலால் தடவிக் கற்பித்தார். ஆணியைத் தடவிய அவ்விரலே, 1824-ஆம் ஆண்டில், பதினைந்தாம் வயதில், புள்ளியெழுத்து முறையைக் கண்டது. இன்று தமிழும் அம்முறையிற் படிக்கப்படுகின்றது. நம் நாட்டிலும், பழநி மாம்பழக் கவிச்சிங்க நாவலர் சிறு வயதிலேயே அம்மை நோயாற் பார்வையிழந்தும், செவியாற் கற்று இராமநாதபுரம் சேதுபதி அவையிற் புலவராய் விளங்கினார். குழந்தையின் செவியும் விரலும் அறிவின் வாயில்களென்று கண்டு திறந்துவிடுவார் ஒருவர் வேண்டும், அவ்வளவே.

இனி, 'வந்தது வினையாயின் மருத்துவம் எதற்கு?' என்பாரும் உளர். பசியும் வினையால் வருவதே; அதற்காக உணவை மறுப்பாரில்லை. மருத்துவமும் இறைவன் அருளிய உபாயமே. காட்டவேண்டிய காலத்திற் காட்டாது காலந்தாழ்த்தல், பழவினையை நுகர்தல் அன்று. ஆகாமியமாகிய புதுவினையை ஈட்டுதலாம். அந்தியிற் பார்வை மங்குதல் வைட்டமின் ஏ என்னும் சத்துக் குறைவாலும் நேரும். அது எளிதில் தீரும். பிறவிக் கண்புரையை முதற் சில மாதங்களிலேயே அகற்றாவிடின், காணக் கற்கும் பருவம் கடந்து மூளை அக்கண்ணைக் கைவிட்டுவிடும். கருவிழியின் நடுவே வெண்மை பளிச்சிடுமாயின் அது உயிரையே பறிக்கும் கண்புற்றாகவும் இருக்கலாம். குறைமாதத்திற் பிறந்த குழந்தையின் விழித்திரையை முப்பது நாளுக்குள் சோதித்தல் வேண்டும். மாறுகண்ணை அதிர்ஷ்டமென்று பாராட்டி வாளாவிருத்தல் பேதைமை. 1976-ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வேங்கடசாமி பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை மதுரையிலேயே உள்ளது. கல்லலிலிருந்து அவ்வூர் தொலைவன்று.

மருத்துவத்தாற் தீராததெனத் தெளிந்தவிடத்தும் செய்யத்தக்கன பலவாம். எஞ்சிய பார்வைக்கேற்பப் பெரிய எழுத்துப் புத்தகமும் வகுப்பில் முன்னிருக்கையும் வேண்டும். அது குன்றுமுன்னரே புள்ளியெழுத்து பழக்கல் வேண்டும். பாளையங்கோட்டையில் 1890-ஆம் ஆண்டிலேயே பார்வையற்றோர் பள்ளி தோன்றிவிட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத குறைபாடுடைய பிள்ளைகள் ஆறு முதல் பதினெட்டு வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அளித்துள்ளது. உறவு மணம் பற்றி மருத்துவர் கூறியது, இனி வரும் மக்களைக் காத்தற்குரிய அறிவு. கழிந்ததன்பொருட்டுக் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் குத்தும் முள்ளாகக் கொள்ளத்தக்கதன்று. அறியாது செய்ததற்கு வருந்துதல் அன்பு; அவ்வருத்தத்திலேயே அமிழ்ந்து குழந்தையை மறத்தல் குற்றம்.

எல்லாம் செய்த பின்னரும் நள்ளிரவில் ஓர் அச்சம் எஞ்சும்: 'நமக்குப் பின் இவனுக்கு யார்?' இதற்கு உறுதிமொழி கூறவல்லார் உலகில் எவருமிலர். ஆயினும் கல்லல் இல்லத்துச் சிறுவனை மீண்டும் கருதுக. அவன் தந்தை வீட்டுவாயில் முதல் கோயில்வாயில் வரை, எத்தனை அடி, எங்குத் திருப்பம், எங்குப் படி என்று நாள்தோறும் உடன் நடந்து சொல்லிக்கொடுக்கின்றான். சில திங்களில் கையை விடுகின்றான், பத்தடி பின்னே வருகின்றான், மகன் அறியான். ஒருநாள் அந்தியில் மணியோசை கேட்டுத் தனியே சென்று, சந்நிதியில் நின்று கைகுவிக்கின்றான் சிறுவன். பின்னே வந்தவனை அவன் காணவில்லை. ஆயினும் அவன் நடந்த ஒவ்வோர் அடியும் அவன் காட்டியதே. உயிர்கள் அனைத்தும் இவ்வுலகில் நடப்பது இங்ஙனமே. பின்வரும் ஒருவனைக் காணாது தாமே நடந்ததாக எண்ணுதலின், கண்ணுடையார் என்பாரும் அச்சிறுவனினும் மிக்க பார்வையுடையரல்லர். பெற்றோர்க்குப் பின்னும் அவனுக்குப் பின்னே வருவான் ஒருவன் உளன். அவன் செய்வதைத் தாம் இருக்குமளவும் செய்தலே பெற்றோர் கடன்.

திருச்சிற்றம்பலம்.