நாணயம் மறுபக்கம் விழுந்திருந்தால்?

ஐஸ் ஹாக்கி அணிகளின் பழைய ஜெனரல் மேனேஜர்களை எடைபோடுவது ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த வேலை. எனக்கும்தான். வருஷாவருஷம் நடக்கும் டிராஃப்டில் ஒவ்வொரு அணியும் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கிறது. பெரும்பாலும் 18 வயதுப் பையன்கள். பத்து வருஷம் கழித்து அந்தப் பட்டியலைத் தூக்கிவைத்துக்கொண்டு, 'இந்த ஆளுக்குக் கண் இருந்தது, அந்த ஆளுக்கு இல்லை' என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். இது நியாயமா?

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் 1998இல் பாவெல் தட்சுக்கை 171ஆவது ஆளாக எடுத்தது. மறுவருஷம் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க், 210ஆவது. 2008இல் ஸ்டான்லி கோப்பை வென்ற அணிக்கு இருவரும் தூண்கள். இதற்காக அப்போதைய மேனேஜர் கென் ஹாலண்டைக் கொண்டாடுகிறோம். சரி, தட்சுக் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்று தெரிந்திருந்தால் யாராவது 171 வரைக்கும் காத்திருப்பார்களா? அதே டிராஃப்டில் டெட்ராய்டே அவருக்கு முன்னால் வேறு பையன்களை எடுத்ததே! போதாக்குறைக்கு, ரஷ்யாவில் அவரைக் கண்டுபிடித்தவர் ஹோகன் ஆண்டர்ஸன் என்ற ஸ்கவுட். புகழ் மட்டும் மேனேஜர் கணக்கில்.

இன்னொரு பக்கம், நியூயார்க் ஐலண்டர்ஸின் மைக் மில்பரி. 1996இல் ஸ்டெனோ சாராவை 56ஆவதாகவும், 1997இல் கோல்கீப்பர் ரொபெர்டோ லுவாங்கோவை 4ஆவதாகவும் அவர் காலத்தில் எடுத்தார்கள். பட்டியலை மட்டும் பார்த்தால் பிரமாதம். ஆனால் 2000இல் லுவாங்கோவை ஃப்ளோரிடாவுக்கு அனுப்பிவிட்டு, முதல் ஆளாக ரிக் டிபியட்ரோ என்ற கோல்கீப்பரை எடுத்தார். மறுவருஷம் சாராவும் போனார். 2011 இறுதிப்போட்டியில் பாஸ்டன் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கியவர் சாரா. எதிரணியான வான்கூவரின் கோல்கீப்பர் லுவாங்கோ. டிபியட்ரோவின் ஆட்டவாழ்வைக் காயங்கள் தின்றுவிட்டன.

ஒருவர் கையில் இல்லாத விஷயமும் அவரை நிறுக்கும் தராசில் ஏறிக்கொள்வதைத்தான் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் 1976இல் தங்கள் கட்டுரைகளில் விவாதித்தார்கள். அறம் சார்ந்த அதிர்ஷ்டம் என்று அதைச் சொல்லலாம். அப்படியென்றால் யாரையும் குறை சொல்லவே கூடாதா? அதுவும் தப்பித்தல்தான்.

நான் வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்று: முடிவு நேர்மாறாகப் போயிருந்தாலும் இதே தீர்ப்பைச் சொல்வேனா? டிபியட்ரோவின் உடம்பு உடைந்ததற்கு மில்பரியைத் திட்ட முடியாது. ஆனால் லுவாங்கோவுக்கு அப்போது வயது 21, என்.எச்.எல்.லில் ஆடியிருந்தது 24 ஆட்டங்கள். கோல்கீப்பர்கள் மெதுவாகத்தான் தேறுவார்கள் என்பது அன்றைக்கும் தெரிந்த விஷயம். அந்த அவசரம் அவருடையது. டிபியட்ரோ ஜொலித்திருந்தாலும் அது அவசரம்தான்.

பாராட்டுக்கும் இதே கேள்விதான். 1989இல் டெட்ராய்டின் ஜிம் டெவெல்லானோ, சோவியத் வீரர் செர்கெய் ஃபெடரோவை 74ஆவதாக எடுத்தார். அந்த நாட்டிலிருந்து ஆள் வந்து சேருவாரா என்பதே நிச்சயமில்லை. அடுத்த வருஷமே, அமெரிக்காவுக்கு ஆட வந்த சோவியத் அணியை விட்டு ஃபெடரோவ் வெளியேறி டெட்ராய்டுக்கு வந்துவிட்டார். வராமலே போயிருந்தாலும், தெரிந்தே துணிந்த அந்த முடிவை நான் மதித்திருப்பேன்.

இதில் எனக்கு உறுத்துவது மேனேஜர்கள்கூட இல்லை. டிபியட்ரோவை இன்றும் 'வீணாய்ப்போன தேர்வு' என்கிறார்கள். என்னை முதலாவதாக எடுங்கள் என்று உத்தரவு போடும் இடத்தில் அவர் இல்லை. அன்றைக்கு அவருக்கு 18 வயது.