பாவும் ஊடையும் சேரும் நிறம்

வந்தவாசியிலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் இருக்கிறது தெள்ளார். மூன்றாம் நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை வென்ற களம் இது. 'தெள்ளாறெறிந்த' என்ற அடைமொழி அவனுக்குக் கிடைத்தது இந்த ஊரால்தான். போர் நடந்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது இது ஆரணிப் பட்டின் பெயர் புழங்கும் வட்டாரம். கல்யாணப் பேச்சு எடுத்தாலே கூடவே நிறப் பேச்சும் வந்துவிடும். முகூர்த்தத்துக்கு அரக்கா, மாம்பழ மஞ்சளா? கரை பச்சையா, நீலமா? உடை அழகைப் பற்றி நான் கேட்ட நல்ல விவாதங்கள் பலவும் இப்படிப்பட்ட திண்ணைப் பேச்சுகள்தான்.

*

மயில் கழுத்து நிறத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். எந்தச் சாயத் தொட்டியிலும் அந்த நிறம் கிடையாது. பாவுக்கு ஒரு நிறம் ஏற்றுகிறார்கள், ஊடைக்கு இன்னொன்று. பெரும்பாலும் நீலமும் பச்சையும். தறியில் நெடுக்கும் குறுக்குமாக அவை பின்னிய பிறகே மயில் கழுத்து பிறக்கிறது. கட்டியவர் நடந்தால் கொசுவத்தின் மேட்டில் பச்சை, பள்ளத்தில் நீலம். திரும்பினால் இடம் மாறிவிடும்.

கைபேசிப் படம் இதில் ஒரு கணத்தைத்தான் பிடிக்கும். திரையைப் பார்த்துப் புடவை வாங்கும் காலத்தில், பளிச்சென்ற ஒற்றை நிறங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. அசைவில் உயிர்பெறும் நிறங்கள் பின்னால் போகின்றன. எனக்கு இது உண்மையான கவலை. படத்தில் அழகாக விழுவதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் தறியும் அதை மட்டுமே நெய்யும்.

*

புடவையை எப்படிக் கட்டலாம் என்று சொல்லித் தருபவர்கள் இப்போது நிறையப் பேர். இடுப்பில் பெல்ட், ரவிக்கைக்குப் பதில் சட்டை, முன்கூட்டியே தைத்து வைத்த கொசுவம். இவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. புடவையை அலமாரியிலேயே வைத்துவிட்ட இளம்பெண்கள் அதை மறுபடி எடுத்துக் கட்டுகிறார்கள். அது பெரிய விஷயம். ஆனால் அந்த யோசனைகள் எல்லாம் புடவை கைக்கு வந்த பிறகு தொடங்குபவை. எதை வைப்பது, எதை விடுவது என்ற பெரிய முடிவுகள் அதற்கு மாதங்களுக்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன.

கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைகிறார்கள். அதைப் பார்த்து அட்டைகளில் துளை போடுகிறார்கள். ஜக்கார்டில் அந்த அட்டைகள் ஏறிவிட்டால், எந்த இழை எழ வேண்டும், எது தாழ வேண்டும் என்பது முடிந்துபோன கதை. பாவின் நிறமும் அப்படித்தான். ஒரு பாவில் ஒன்றுக்கு மேற்பட்ட புடவைகள் வரும். அவை எல்லாமே ஒரே பாவு நிறத்தைச் சுமந்தாக வேண்டும். நெசவாளருக்கு அங்கே மிஞ்சும் சுதந்திரம் ஊடை மட்டும். ஊடையை மாற்றினால் அதே பாவில் ஒன்று செம்பு நிறமாகவும் அடுத்தது கருநீலம் கலந்ததாகவும் வரும். அக்கா தங்கைகளைப் போல, ஜாடை ஒன்று, முகம் வேறு. இத்தனை குறுகிய இடத்தில் இவ்வளவு மாற்றம் காட்டும் கண்ணைத்தான் நான் ரசனை என்று மதிக்கிறேன்.

புட்டா இல்லாத வெற்று உடல்தான் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். பூவும் மாங்காயும் நிறைந்த உடலில் சின்னக் குறைகள் மறைந்துவிடும். வெற்று உடலில் ஊடையை அடிக்கும் கை ஓரிடத்தில் தளர்ந்தாலும் குறுக்கே கோடு தெரியும். கடையில் நாம் அதைச் 'சிம்பிள் புடவை' என்று ஒதுக்கிவிட்டு அடுத்ததைப் பிரிக்கச் சொல்கிறோம்.

*

1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் அங்கே நெசவுக்கும் இடம் கொடுத்தார். பழைய கரைகளையும் பழைய நிறச் சேர்க்கைகளையும் தேடி எடுத்து மறுபடி நெய்ய வைத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டிய நீலம் 'எம்.எஸ். புளூ' ஆகி, இன்றும் கடைகளில் அந்தப் பெயரிலேயே கேட்கப்படுகிறது. 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்தபின் அதன் நாயகி நதியாவின் பெயரில் கம்மலும் வளையலும் விற்றன. அந்த அலை ஓய்ந்துவிட்டது.

1961-இல் வந்த 'பாலும் பழமும்' படத்தின் பெயரைத் தாங்கிய கட்டம் மட்டும் ஏன் ஓயவில்லை? படம் பார்க்காதவர்களும் அந்தக் கட்டத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். எனக்குத் தோன்றும் காரணம் தறியில் இருக்கிறது. பாவில் நிறத்தை மாற்றி மாற்றிக் கோத்து, ஊடையிலும் அதே கணக்கில் மாற்றினால் கட்டம் வந்துவிடும். அட்டை வேண்டாம், கூடுதல் ஜரிகை வேண்டாம். எந்தத் தறியிலும் நெய்யலாம், பட்டிலும் பருத்தியிலும். நெசவின் இயல்புக்கு ஒத்துப்போன மோஸ்தர் நிலைத்துவிட்டது.

*

ஆரணிப் பட்டு காஞ்சிப் பட்டைவிட எடை குறைந்தது. பலர் இதைக் குறையாகவே பேசுகிறார்கள். கனமான பட்டு கல்யாண மண்டபத்துக்கு உரியது. சில மணி நேரம் கட்டி மடித்து வைப்பது. எடை குறைந்த பட்டைப் பேருந்தில் ஏறி அலுவலகம் போகிறவரும் கட்டலாம், நாள் முழுக்க. யாராவது என்னிடம் கேட்டால் இப்படித்தான் சொல்வேன்: சின்னக் கரை, புட்டா இல்லாத உடல், பாவும் ஊடையும் வேறு நிறமான ஓர் ஆரணிப் புடவை எடுங்கள். ரவிக்கை வெறும் பருத்தியில், ஊடையின் நிறத்தில் இருக்கட்டும். கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். நாலு கொசுவம் பிடித்து அது எப்படி விழுகிறது என்றும் பாருங்கள். வாங்கியபின் தள்ளிப் போடாமல் கட்டுங்கள். ஒரே புடவையில் இரண்டு விழாவில் படம் எடுக்கக் கூடாது என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. அதை விட்டால் போதும், பாதிச் செலவு குறையும்.

சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அங்கேதான் முதலில் ஒடியும்.

*

பத்திரிகைகளில் புடவை கட்டிய பெண்ணின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பெயர்கள் வருகின்றன. ஒளிப்படம், ஒப்பனை, சிகை, ஸ்டைலிங், நகை. துணி என்ற இடத்தில் கடையின் பெயரோடு நின்றுவிடுகிறார்கள். 'நெசவு' என்று ஒரு வரி சேர்ப்பதற்கு என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் படத்தில் எது இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று முதலில் முடிவுசெய்தவர்களில் நெசவாளரும் ஒருவர். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறது. விலைச் சீட்டில் நெய்தவரின் பெயரையும் அச்சடிக்கலாம். கூட்டுறவுச் சங்கங்கள் இதை நாளைக்கே தொடங்க முடியும். யார் எந்தத் தறியில் நெய்தார் என்ற கணக்கு அவர்களிடம் இருக்கிறது.