மஞ்சளில் ஈயம், ஸகாத்தில் ஒரு கேள்வி

1980களில் வங்கதேசத்தில் வெள்ளத்தில் நனைந்து கறுத்த மஞ்சளை விற்க, மெருகேற்றும்போது லெட் குரோமேட் சாயப்பொடியைத் தூவத் தொடங்கினார்கள் என்கிறார்கள். வெள்ளம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை. அந்தப் பொடியில் இருப்பது ஈயம். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது. இவ்வளவு வரை பாதகமில்லை என்ற அளவே அதற்குக் கிடையாது.

2019-இல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டுவந்ததும், அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சந்தைகளில் எச்சரிக்கை அறிவிப்புகள் ஒட்டியது. டாக்கா ஷ்யாம்பஜாரில் மொத்த வியாபாரிகளுக்கு அபராதம் போட்டது. 47 சதவீத மாதிரிகளில் இருந்த ஈயம் 2021-இல் ஒன்றிலும் இல்லை.

இப்படிப்பட்ட பிரசாரத்துக்கு, முஸ்லிம்களின் கட்டாயக் கொடையான ஸகாத் பணம் செல்லுமா?

ஸகாத்துக்கு எட்டு வகையினரைக் குர்ஆன் வரையறுக்கிறது. வங்கதேசத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹப் (சட்ட மரபு) மேலும் ஒரு நிபந்தனை வைக்கிறது: பொருள் ஏழையின் உடைமையாகக் கைமாற வேண்டும். பள்ளிவாசல் கட்ட, பாலம் போட ஸகாத் கூடாது என்பது இதனால்தான். சுவரொட்டி யாருடைய உடைமை? எட்டில் ஒன்றான ‘இறைவழியில்’ என்ற வகையை விரித்துப் பொருள்கொள்ளும் நவீன அறிஞர்கள் சிலர் உண்டு. விரும்பிக் கொடுக்கும் ஸதகா பணத்துக்கோ இந்தச் சிக்கலே இல்லை.

நிபந்தனை கறாரானதுதான். இடையில் நிற்பவர்கள் ஏழையின் பங்கை விழுங்காமல் காத்ததும் அதுவே. ஆனால் ஈயத்திலிருந்து தப்பிய குழந்தை எது என்று யாராலும் காட்ட முடியாது. வாங்கிக்கொள்ளக் கை இல்லை. நோய் கண்ட ஏழைப் பிள்ளைக்கு மருந்து வாங்கித் தந்தால் ஸகாத் நிறைவேறும், வருமுன் தடுத்தால் நிறைவேறாது என்பது சங்கடமான கணக்கு. இழந்த அறிவுத்திறனை மீட்டுத் தரும் மருந்தும் இல்லை.