மூல ஓலை

விழுப்புரத்தில் மனு எழுதிப் பிழைக்கிறேன். போன மாதம் கீழ்புத்துப்பட்டு இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் நர்சிங் முடித்தவள். குடியுரிமைக்கு எழுதித் தர வேண்டுமாம்.

மகளின் பிறப்புச் சான்றில் ஊர் திண்டிவனம், ஆண்டு 1992. இங்கே பிறந்தாலே குடிமகன் என்பது 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்குத்தான். அதற்குப் பிறகு பிறந்தவர் என்றால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். "எப்படிம்மா வந்தீங்க?" என்றேன். "தலைமன்னார்ல இருந்து படகுலதாங்க, தொண்ணூறுல." பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவர் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறி. எத்தனை வருடம் இருந்தாலும் அவரால் விண்ணப்பிக்க முடியாது. 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் மூன்று நாடுகளிலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு அந்தத் தடையை எடுத்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை.

எழுதுவதா வேண்டாமா என்று பேனாவை மூடி வைத்தபோது அப்பா சொன்ன வழக்கு நினைவுக்கு வந்தது. அவரும் மனு எழுதியவர். சிவனடியார் சுந்தரர் கதையை அவர் பக்தியாகச் சொன்னதேயில்லை, தொழில் பாடமாகத்தான் சொல்வார்.

சுந்தரரின் கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, மாப்பிள்ளை என் அடிமை, அவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு இங்கே பக்கத்தில், திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் கேட்ட சான்று மூன்று வகை: ஆட்சி, அதாவது நெடுநாள் அனுபவம், ஆவணம், அயலார் சாட்சி. மூன்றில் ஒன்று போதும் என்கிறார்கள். கிழித்தது படி ஓலை, மூலம் என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்து நீட்டுகிறார். பாட்டனின் வேறு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து அவர் பக்கம் தீர்ப்பாகிறது.

கிழவராக வந்தது சிவன். கடவுளுக்கு எதற்கு ஓலை? அப்பாவைக் கேட்டிருக்கிறேன். "சாமிக்கு வேண்டாம்டா, சபைக்கு வேணும்" என்பார். எனக்கு அது போதவில்லை. சுந்தரர் அடிமையானது ஓலையாலா? கைலாயத்திலேயே ஆட்பட்டவர், மறந்துபோனவர். உறவு முந்தியது, ஓலை அதை ஞாபகப்படுத்த வந்தது. பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டுமா என்ற உறுத்தல் மட்டும் எனக்கு இன்றுவரை போகவில்லை. அம்மாவின் படகு மகளைக் கட்டுகிறதே, அதே உறுத்தல்தான்.

அந்தச் சபையில் இந்த அம்மா நின்றிருந்தால்? ஆட்சி, முப்பத்தைந்து வருடம். சாட்சிக்கு அக்கம்பக்கம் முழுக்க வரும். ஆவணம் ஒன்றுதான் இல்லை. அதுவும் ஒருகாலத்தில் இருந்திருக்கும். "எங்க பாட்டன் செஞ்சிப் பக்கத்து ஆளுங்க, கங்காணி கூட்டிட்டுப் போனாரு தேயிலைக்கு" என்றார். 1948இல் இலங்கை இப்படித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களைக் குடிமக்கள் இல்லை என்றது. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. இவர் குடும்பம் எழுதிப் போட்டதா, வரிசையில் நின்றதா, அவருக்குத் தெரியவில்லை. 1977 கலவரத்தில் மலையை விட்டு வவுனியாவுக்கு ஓடியபோது காகிதங்கள் இருந்த தகரப்பெட்டி போய்விட்டது.

தீர்ப்புக்குப் பிறகு சபையார் கிழவரிடம், இந்த ஊர் என்கிறீரே, உம் வீடு எங்கே, காட்டும் என்றார்கள். இருப்பிடச் சான்று! அவர் நடந்துபோய்க் கோயிலுக்குள் நுழைந்து மறைந்தார். முகவரிக் கட்டத்துக்கு வந்தபோது நானும் கேட்டேன். "அய்யனார் கோயில் பக்கம்னு போடுங்க, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்றார் அம்மா.

போட்டேன். திரும்பி வரும் மனு என்று இருவருக்கும் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன். காசு வாங்கவில்லை. கிளம்பும்போது அந்தப் பெண் பிறப்புச் சான்றை மனுவோடு சேர்த்துப் பின் அடிக்கப் போனாள். தடுத்து, எதிர்க் கடைக்கு ஜெராக்ஸுக்கு அனுப்பினேன். "நகலை மட்டும் கொடு தாயி. மூலத்தை யார் கேட்டாலும் கையை விட்டுக் கொடுக்காதே."